முன் அச்சில் ஒரு முனகல்

கரட்டுப்பாறை மலையில் இருக்கும் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போய்வர ஒரு ஜீப் இருந்தது. அந்த மலையில் தார் ரோடு பாதியிலேயே முடிந்துவிடும். அதற்கப்புறம் கல், சேறு, குறுக்கே ஓர் ஓடை. நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் மேலே போய்ச் சேர முடியும்.

அந்த ஜீப்பின் முன் அச்சில், சக்கரம் உருள உதவும் இரண்டு பேரிங்குகள் வேலை பார்த்தார்கள். வலது சக்கரத்தில் இருந்தவன் வலத்தான். இடது சக்கரத்தில் இருந்தவன் இடத்தான். இரண்டு பேரையும் ஒரே நாளில்தான் மாட்டினார்கள். வலத்தானை முதலில் மாட்டியதால் அவன் அண்ணன் ஆனான். அச்சின் இந்தக் கோடியில் ஒருவன், அந்தக் கோடியில் ஒருவன். முகத்தை முகம் பார்த்ததில்லை. பேச்செல்லாம் அச்சு வழியாகத்தான்.

"அண்ணே, என் பக்கம் பெரிய கல்லு. உங்க பக்கம் பாரம் சாயும், பார்த்துக்கங்க" என்பான் இடத்தான்.

"சாயட்டும்டா தம்பி. நான் தாங்குவேன்" என்பான் வலத்தான். அப்படிச் சொல்வதில் அவனுக்கு ஒரு பெருமை.

ஒரு மழைக்காலத்தில், ஓடையைக் கடக்கும்போது தண்ணீருக்கு அடியில் கிடந்த கூர்க்கல் ஒன்று வலது சக்கரத்தின் உட்பக்கம் உரசிவிட்டது. வலத்தானுக்குள் தண்ணீர் புகாமல் காத்து நின்ற ரப்பர் சீலின் விளிம்பு கிழிந்துபோனது.

சீல் பதறியது. "அண்ணே, நான் கிழிஞ்சிட்டேன். தண்ணி உள்ள வருது. இப்பவே லேசா ஒரு சத்தம் குடுங்க. கழட்டிப் பார்த்து என்னை மாத்திருவாங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

வலத்தான் யோசித்தான். கழற்றினால் சீலை மட்டும் மாற்றுவார்கள் என்று என்ன நிச்சயம்? தாங்குவேன் தாங்குவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன், எல்லார் முன்னாலும் கழன்று கிடக்க வேண்டுமா?

"சத்தம் போடாம இரு" என்றான். "வெயில் வந்தா காஞ்சிரும்."

காயவில்லை. ஒவ்வொரு முறை ஓடையில் இறங்கும்போதும் சேற்றுத் தண்ணீர் உள்ளே வந்தது. கிரீஸ் கரைந்து வெளுத்தது. வலத்தானின் உருளைகளில் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்தன. ஒரு நாள் இறக்கத்தில் வரும்போது அவனுக்குள் இருந்து 'ஊம்ம்ம்' என்று ஒரு முனகல் எழுந்தது. தன் குரலைத் தானே கேட்டதும் வலத்தான் கூசிப்போனான். பல்லைக் கடித்துக்கொண்டு உருண்டான். முனகல் கொஞ்சம் தணிந்தது. நிற்கவில்லை.

ஜீப்பை ஓட்டிய ஒச்சப்பன் தலையைச் சாய்த்துக் கேட்டான். கதவில்லாத அந்த ஜீப்பில் வருஷக்கணக்காகக் காற்றும் இரைச்சலும் அடித்து அடித்து அவனுடைய வலது காது மந்தமாகிவிட்டிருந்தது. எந்தச் சத்தமானாலும் இடது காதில்தான் விழும். இது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். டிரைவருக்குக் காது கேட்காது என்று தெரிந்தால் எவர் நம்பி ஏறுவார்கள் என்று வெளியில் மூச்சுவிடாமல் இருந்தான்.

"இடது பக்கம்தான் கத்துது" என்றான் ஒச்சப்பன், பக்கத்தில் இருந்த பவுனுத்தாயிடம். ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களுக்கு அவள்தான் தலைவி.

அவன் சொன்னது இடத்தானுக்கும் எட்டியது. அவன் அண்ணனைக் கூப்பிட்டான்.

"அண்ணே, யாரோ முனகுறாங்களே, கேக்குதா? டிரைவரு என் பக்கம்னு சொல்றாரு."

வலத்தானுக்கு அந்த நொடியில் ஒரு வழி தெரிந்தது. அது எவ்வளவு கேவலமான வழி என்பதும் கூடவே தெரிந்தது.

"ஆமாடா தம்பி. எனக்கும் உன் பக்கம் இருந்து வர்ற மாதிரித்தான் இருக்கு" என்றான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே, அண்ணே."

"நம்ம சத்தம் நமக்குத் தெரியாதுடா. நல்லாக் கவனிச்சுப் பாரு."

இடத்தான் வழி நெடுக ஒவ்வொரு உருளையாகத் தன்னையே கவனித்துக்கொண்டு வந்தான். அடிவாரத்துக்கு வந்ததும் சின்னக் குரலில் சொன்னான்: "நீங்க சொன்னப்புறம் எனக்கும் அப்படித்தான் தோணுது, அண்ணே. நான்தான் போல."

மெக்கானிக் பீர்முகமதுவின் ஷெட்டில் ஜீப் நின்றது.

"இடது முன்சக்கரம். பேரிங்கு போயிருச்சு. மாத்திருங்க, பாய்" என்றான் ஒச்சப்பன்.

"ரெண்டு பக்கமும் பார்த்துருவோம்ப்பா" என்று பீர்முகமது முதலில் வலது பக்கம்தான் ஜாக்கி வைத்தார். சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார். பிறகு சுற்றிவிட்டுக் காதை அருகில் கொண்டுவந்தார்.

வலத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டான். மேலே பாரம் இல்லை, அதனால் முடிந்தது. ஒரு சத்தமும் வராமல் உருண்டான்.

"இது சரியாத்தான் இருக்கு" என்றார் பீர்முகமது.

அடுத்து இடது சக்கரத்தைக் கழற்றினார். இடத்தானை எடுத்து மண்ணெண்ணெயில் அலசி, விரலில் மாட்டிச் சுற்றினார். அவன் வெண்ணெய் மாதிரி வழுக்கிச் சுற்றினான்.

"இதுல ஒண்ணும் தெரியலையேப்பா."

"என் காது பொய் சொல்லுமா, பாய்? கழட்டியாச்சு, மாத்திருங்க."

பீர்முகமது வாசலைப் பார்த்தார். அங்கே இன்னும் வண்டிகள் நின்றன. "உன் இஷ்டம்" என்று புதியதை எடுத்தார். ஆனாலும் நல்ல சாமானைக் குப்பையில் போட மனம் வராமல், இடத்தானை வெளி வளையத்தோடு ஒரு துணியில் சுற்றி ஜீப்பின் டூல்ஸ் பெட்டியில் வைத்தார்.

கழன்று போவதற்கு முன்னால், கடைசியாக அச்சு வழியாக இடத்தானின் குரல் வந்திருந்தது. "போயிட்டு வர்றேன், அண்ணே. என்னால உங்களுக்கும் கெட்ட பேரு. மனசுல வச்சுக்காதீங்க."

பதில் சொல்ல வாய் திறந்தால் என்ன வரும் என்று வலத்தானுக்கே பயமாக இருந்தது.

ஜீப் மறுபடி மலை ஏறியது. முனகலும் கூடவே ஏறியது.

"சத்தம் அப்படியேதானே இருக்கு?" என்றாள் பவுனுத்தாய்.

"குறைஞ்சிருக்கு, குறைஞ்சிருக்கு" என்றான் ஒச்சப்பன். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

இடது பக்கம் வந்திருந்த புதியவனுக்கு மட்டு மரியாதை கிடையாது. "யாருய்யா அங்க பகல் பூரா மாவரைக்கிறது? எனக்கு முந்தி இருந்தவன் இதுக்குத்தான் வெளியே போனானாமே? அவன் போயும் சத்தம் போகலையே?"

அப்போது அச்சு பேசியது. அவர்கள் இருவருக்கும் நடுவில் எல்லாப் பேச்சையும் சுமந்துகொண்டு, ஒரு நாளும் தன் பேச்சைப் பேசாத அச்சு.

"யாரு சத்தம்னு எனக்குத் தெரியும், வலத்தான். என் முதுகு வழியாத்தானே போகுது."

வலத்தானுக்கு உடம்பெல்லாம் சுட்டது. "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"எனக்குன்னு ஒரு சத்தம் கிடையாது. நீங்க குடுக்கறதைச் சுமக்கிறேன். அவன் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டதையும் நான்தான் சுமந்தேன். அந்த மாதிரிப் பாரத்தை இந்த மலையில நான் சுமந்ததில்லை."

அந்த வாரம் முழுவதும் வலத்தான் அந்தப் பேச்சோடு உருண்டான். பள்ளங்கள் பெரிதாகின. மிச்சமிருந்த கிரீஸ் கறுத்துக் காய்ந்தது. ஒரு நாள் சாயங்காலம், வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப் இறங்கிக்கொண்டிருந்தது. வலது பக்கம் முழுக்க அதல பாதாளம். பெண்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து, யார் வீட்டுக் கல்யாணத்திலோ சாம்பாரில் உப்பு கூடிப்போன கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

வலத்தான் கொதித்துக்கொண்டிருந்தான். ஓர் உருளை பிளந்துவிட்டது. பொடிந்த இரும்புத் துணுக்குகள் உள்ளேயே அரைபட்டன. இன்னும் சில வளைவுகள் தாங்கலாம். அதற்கப்புறம் பூட்டிக்கொண்டு நின்றுவிடுவான். சக்கரம் தனியாகக் கழன்று போகும். அது போகும் பக்கத்தில்தான் பள்ளத்தாக்கு.

எதிரில் இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவு வந்தது. வண்டி இடது பக்கம் திரும்பினால் பாரமெல்லாம் வலது பக்கம் சாயும். இத்தனை நாளும் அப்படிப்பட்ட வளைவுகளில்தான் அவன் பல்லை அதிகமாகக் கடிப்பான்.

பின்னால் இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வலத்தான் பல்லைக் கடிப்பதை விட்டான்.

கத்தினான். இரும்பை இரும்பு கிழிக்கிற மாதிரி, மலையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். "நான்தான்! நான்தான்! அன்னைக்கும் நான்தான்!"

சிரிப்பு நின்றது. ஒச்சப்பன் பிரேக்கை அழுத்தி வண்டியை மலையோரமாக ஒதுக்கினான். இறங்கி இடது சக்கரத்திடம் ஓடினான்.

"அங்க எங்க போறீங்க?" பவுனுத்தாய் கீழே குதித்தாள். "சத்தம் உங்க காலுக்குக் கீழ இருந்துல்ல வருது! வலது பக்கம் பாருங்கண்ணே!"

ஒச்சப்பன் இடது சக்கரத்தின் நடுவில் இருந்த ஹப்பைத் தொட்டான். இளஞ்சூடு. சுற்றிவந்து வலது சக்கரத்தின் ஹப்பில் கை வைத்தான். வெடுக்கென்று கையை எடுத்தான். விரல் நுனி சிவந்துவிட்டது.

"உங்களுக்கு அந்தப் பக்கம் கேக்கலையா?" என்றாள் பவுனுத்தாய்.

ஒச்சப்பனின் கை தானாக வலது காதுக்குப் போனது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகத்தில் கோபம் இருந்தால்கூட அவனுக்குத் தேவலை போல இருந்திருக்கும். அவள் பயந்துபோய் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெண்கள் நடந்தே கீழே இறங்கினார்கள். தகவல் போய், பீர்முகமது பைக்கில் சாமான்களோடு வந்து சேர்ந்தார். வலது சக்கரத்தைக் கழற்றி, கறுத்துப் பிளந்துகிடந்த வலத்தானை வெளியே எடுத்தார்.

ஒச்சப்பன் தலை குனிந்து சொன்னான். "எனக்கு வலது காது கேக்காது, பாய். யார்கிட்டயும் சொன்னதில்ல."

"சொல்லியிருக்கலாமேப்பா" என்ற பீர்முகமது சற்று நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நானும் யோக்கியமில்ல. அது நல்ல பேரிங்குன்னு தெரிஞ்சுதான் கழட்டி வச்சேன்."

புதியது வாங்கி வர நேரமில்லை. அவர் டூல்ஸ் பெட்டியில் துணி மூட்டையைத் தேடி எடுத்துப் பிரித்தார். ரோட்டோரத்தில் விரித்த சாக்கில் இடத்தானை வைத்தார். அவன் பக்கத்திலேயே வலத்தானையும் போட்டுவிட்டு, ஹப்பைத் துடைக்கப் போனார்.

அண்ணனும் தம்பியும் முதல் முறையாக ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அண்ணே! நீங்களா?" இடத்தானின் குரலில் அவ்வளவு சந்தோஷம். உடனே அண்ணனுடைய பள்ளங்களைப் பார்த்துப் பதறினான். "ஐயோ, என்னண்ணே இப்படி ஆயிட்டீங்க? என்னால வந்த வினையா? நான் போட்ட சத்தம் உங்க வரைக்கும் வந்து தாக்கிருச்சா?"

வலத்தானுக்குப் பள்ளத்தாக்கில் உருண்டு விழுந்தால் தேவலை என்று இருந்தது. ஆனால் சாக்கில் கிடந்தவனால் உருள முடியாது.

"தம்பி, சத்தம் என்னோடது" என்றான். "ஆரம்பத்துல இருந்தே என்னோடதுதான். தெரிஞ்சேதான் உன் மேல போட்டேன்."

இடத்தான் கோபப்படுவான், ஏசுவான் என்று வலத்தான் எதிர்பார்த்தான். அதை வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் கிடந்தான். ஆனால் இடத்தான் மெல்லக் கேட்டான்:

"அப்போ என்கிட்ட சத்தமே இல்லையா, அண்ணே?"

"இல்லடா."

"பெட்டிக்குள்ள கிடந்தப்ப எனக்கு அது கேட்டுக்கிட்டே இருந்துச்சே."

பீர்முகமது வந்து இடத்தானைத் தூக்கினார். புது சீலும் புது கிரீஸும் வைத்து, அண்ணன் இருந்த இடத்தில் தம்பியை மாட்டினார். வலத்தானை அதே துணியில் சுற்றி, அதே பெட்டியில் போட்டார்.

ஜீப் இறங்கத் தொடங்கியது. ஒரு முனகல் கிடையாது. பீர்முகமது பைக்கில் பின்னால் வர, ஒச்சப்பன் தனியாக, மெதுவாக ஓட்டினான். பெட்டியின் இருட்டுக்குள் கிடந்த வலத்தானுக்கு, தகரத் தரை வழியாக அச்சின் பேச்சு லேசாகக் கேட்டது.

முதல் வளைவில் தம்பியின் குரல் கேட்டது. "அச்சண்ணே, இப்பச் சத்தம் வந்துச்சா? என்கிட்ட இருந்தா?"

"இல்லப்பா. நீ நல்லாத்தான் உருள்றே."

அடுத்த வளைவிலும் அவன் கேட்டான். அதற்கடுத்த வளைவிலும் கேட்டான்.