பாயச உருளியைத் தாங்கிய மூன்று கால்கள்

வெகுகாலத்துக்கு முன்னே, செம்மேடு என்ற நாட்டைப் பாயசப் பிரியரான வேழவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தார். திருவிழாவன்று ஆயிரம் பேருக்கான பாயசமும் ஒரே உருளியில் கொதிக்க வேண்டும். அந்த அடுப்பில் இரும்பு ஆகாது என்பது அரண்மனை வழக்கம். ஆகவே உருளியைத் தாங்கும் முக்காலியை விருத்தகிரி ஸ்தபதி வெண்கலத்தில் வார்ப்பார். போன வருஷம் அது தணலில் வளைந்து, பாயசம் சாம்பலோடு கலந்துவிட்டது.

“இந்த வருஷமும் கால் மடங்கினால் உமது பட்டுச் சால்வையும் தலைமைப் பதவியும் போச்சு!” என்றார் ராஜா.

ஸ்தபதிக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம். காரணம், அமைச்சர் நாகலிங்கர். ஸ்தபதி வார்த்த கோயில் மணியைப் பார்த்து, “இது மணியா, மண்பானையா?” என்று கேட்டவர். அது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது. தன் மகளின் கல்யாண நாளை மறந்துபோன விருத்தகிரிக்கு அந்த நாள் மட்டும் கிழமையோடு நினைவிருந்தது.

புது முக்காலிக்கு ஈயத்தைத் தாராளமாகச் சேர்த்தார். ஈயம் சேர்ந்தால் உலோகக் குழம்பு அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடும். கால்களில் சிங்க முகமும் நகமும் மீசையும் அச்சு அசலாகப் பதிந்தன. சபையில் சுத்தியலால் ஓங்கித் தட்டிக் காட்டினார்.

“பாருங்கள் மகாராஜா, அசைகிறதா?”

“பாயசம் பச்சைத் தண்ணீரிலா வேகிறது, ஸ்தபதியாரே?” என்றார் அமைச்சர். “நானும் மூன்று கால் கொண்டுவந்திருக்கிறேன். இரண்டையும் தணலில் நிறுத்திப் பார்ப்போம்.”

அவர் கொண்டுவந்தவை அழுக்கேறிய மூன்று கோணல் தண்டுகள். ஸ்தபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“எந்த மடையன் வார்த்தது? அச்சுகூட நிரம்பவில்லையே! அவனை ஊரைவிட்டே விரட்டுங்கள், மகாராஜா!”

“விரட்டிவிடலாம்,” என்றார் அமைச்சர் பணிவாக.

இரண்டு அடுப்பிலும் உருளி ஏறியது. ஒரு நாழிகைகூட ஆகவில்லை.

“ஐயோ, சிங்கத்துக்கு வேர்க்குது!” என்று கூவினார் சமையற்காரர். சிங்க முகத்திலிருந்து ஈயம் முத்துமுத்தாகக் கசிந்தது. கால் மடங்கியது. உருளி கவிழ்ந்தது. பக்கத்து அடுப்பில் கோணல் தண்டுகள் சிவந்தபடி அசையாமல் நின்றன.

“இவை யார் வார்த்தவை?” என்றார் ராஜா.

“ஸ்தபதியாரேதான், மகாராஜா,” என்றார் அமைச்சர். “விளக்குத் தண்டுக்கு வார்த்தார். மலைக்காரர்கள் தந்த வெள்ளை உலோகத்தைச் செம்போடு உருக்கியிருக்கிறார். குழம்பு சரியாக ஓடவில்லை என்று திட்டிக் குப்பைமேட்டில் எறிந்துவிட்டார். லேசில் இளகாதது எப்படி லேசில் ஓடும்?”

“மடையனை விரட்டச் சொன்னீரே ஸ்தபதி, விரட்டட்டுமா?” என்றார் ராஜா.

விருத்தகிரி சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “மடையன் நான்தான், மகாராஜா, சந்தேகமே வேண்டாம். ஆனால் அவனை விரட்டினால் முக்காலிக்கு ஆளில்லை.”

ராஜா சிரித்துவிட்டார். “சரி, எந்த அளவில் கலந்தீர்?”

“கோபத்தில் அள்ளிப் போட்டது. அளவு தெரியாது.”

“அப்படியானால் பதவி இருக்கட்டும். அளவைக் கண்டுபிடிக்கும்வரை சால்வை அமைச்சர் தோளில் இருக்கட்டும். முதல் கிண்ணப் பாயசமும் அவருக்கே!”

மறுநாள் காலை ஸ்தபதி குப்பைமேட்டில் ஏறினார். தான் திட்டி எறிந்த கட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தணலில் வைத்தார். வளையாமல் நின்ற ஒவ்வொன்றிடமும், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.