பஞ்சடைத்த கச்சேரி

எந்த நாடு, எந்த ராஜா என்று கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில் என்றால் முன்னொரு காலத்தில்தான். அந்த ராஜாவுக்கு ஒருநாள் ஆஸ்தான வித்வான் ஒருவர் வேண்டுமென்று ஆசை வந்துவிட்டது.

பூவராகர் என்றொரு இளம் பாடகர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தார். குரல் தேன். தலைதான் கொஞ்சம் கனம். முதல் கச்சேரியில் யாரோ புல்லாங்குழலை மெச்சினார்கள், புல்லாங்குழல் போயிற்று. அடுத்த கச்சேரியில் விகடகவி அம்பலத்தாடி, மிருதங்கத்துக்கு ஒரு 'பலே' சொல்லித் தொலைத்தான். மிருதங்கக்காரர் கோதண்டத்துக்கு அன்றே சீட்டுக் கிழிந்தது. 'பலே' சொன்னவனுக்கு?

பட்டம் தரும் நாள் காலையில் பூவராகர் ராஜாவிடம் போனார்.

"மன்னா, இன்று நான் பாடும்போது சபையில் சிறு சத்தமும் எழக்கூடாது. 'ஆகா' கூடாது. தொடையில் தாளம் தட்டக் கூடாது. சபையை அடக்கும் பொறுப்பைத் தாங்கள் அம்பலத்தாடிக்கே அளிக்க வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்." ராஜா பக்கத்தில் நின்ற விகடகவியிடம் திரும்பினார். "அம்பலத்தாடி, ஒரு 'பலே' கேட்டாலும் நீ நாட்டை விட்டுப் போகவேண்டியதுதான்."

அம்பலத்தாடிக்குச் சிக்கல் என்னவென்றால், பூவராகர் நிஜமாகவே நன்றாகப் பாடுவார். பல்லவி எடுத்தால் தூணும் தலையாட்டும். முந்நூறு வாயை எப்படிக் கட்டுவது?

வாயை எதற்குக் கட்டவேண்டும்? பஞ்சு விற்பவரைத் தேடி ஓடினான்.

கச்சேரி தொடங்கியது. பூவராகர் இரண்டு நாழிகை உருகினார். சபை கொலுபொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது. பாடி முடித்துப் பெருமையோடு நிமிர்ந்தார்.

ராஜா காதிலிருந்து பஞ்சை எடுத்தார். "என்னப்பா அம்பலத்தாடி, முடிந்துவிட்டதா?"

"மன்னா, இது எனக்கு அவமானம்," என்றார் பூவராகர்.

"அவமானமா, சுவாமி?" என்றான் அம்பலத்தாடி. "தங்கள் பாட்டைக் கேட்டுவிட்டு 'பலே' சொல்லாமலிருக்க மனிதனால் ஆகுமா? அதனால்தான் யாரையும் கேட்கவிடவில்லை. இதைவிடப் பெரிய பாராட்டு அடியேனுக்குத் தெரியாது."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கேட்காத பாட்டுக்குப் பட்டம் தர முடியாதே, பூவராகரே. நாளைக்குக் கோதண்டத்தோடு வந்து பாடும். பஞ்சில்லாமல் கேட்கிறோம். பட்டம் உமக்குத்தான்."

ஒரே ஒரு நாள். ஒரே ஒரு மிருதங்கம்.

"கோதண்டத்தோடா? நானா?"

அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார் பூவராகர்.

பட்டத்துக்கென்று வைத்திருந்த சால்வையை ராஜா அம்பலத்தாடிக்குப் போர்த்தினார். பூவராகர் இப்போது பக்கத்து நாட்டில் ஏதோ குளக்கரையில் தனியாகப் பாடுகிறாராம். தவளைகள் குறுக்கிடுவதாக அந்த நாட்டு ராஜாவுக்கு மனுப் போட்டிருக்கிறார்.