நெல்லாயி வீட்டுக் கோணல் கதவு

ஏரிக்குக் கீழே நெல் வயல். அந்த வயலின் வரப்புக்குள் நெல்லாயி என்ற வரப்பெலி வளை தோண்டிக் குடியிருந்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் நொய்யன், நடுவில் தவிடி, கடைக்குட்டி கடுகு.

நெல்லாயி மாதிரி சுத்தக்காரியை அந்த வட்டாரத்தில் பார்க்க முடியாது. கதிர்களைத் தலைமாறாமல் அடுக்குவாள். தரையில் ஓர் உமி கிடக்கப் பொறுக்க மாட்டாள். எல்லாவற்றையும்விட வாசல் கதவில்தான் அவளுக்குப் பெருமை அதிகம்.

வரப்பெலிகள் பகலில் தூங்கும். ஆகவே விடிந்ததும் வீட்டுக்குள் வந்து, உள்ளே இருந்தபடியே வாசலைச் சேற்றால் அடைத்துவிடும். எல்லா எலியும் செய்கிற வேலைதான் இது. நெல்லாயி ஒரு படி மேலே போவாள். கடைசியாகச் சின்ன ஓட்டை ஒன்று விட்டு, அதன் வழியாகக் கையை வெளியே நீட்டி, சேற்றை வழவழவென்று மெழுகுவாள். கதவு தோசைக்கல் போல வட்டமாக வந்த பிறகுதான் அந்த ஓட்டையை மூடுவாள்.

பிள்ளைகள் சும்மா இருக்குமா? ஒரு நாள் தவிடி கை நிறையச் சேற்றோடு வந்து நின்றாள்.

"நானும் பூசறேன்மா."

பூசவும் செய்தாள். ஒரு பக்கம் புடைத்துக்கொண்டது. இன்னொரு பக்கம் குழி விழுந்தது.

"தள்ளு, தள்ளு. நீ பூசி, நான் அதைப் பிரிச்சு மறுபடி பூசி... ஒரு வேலை ரெண்டு வேலையாகுது. போய் ஓரமா உட்காரு" என்றாள் நெல்லாயி.

நொய்யன் கதிர் அடுக்கினால் அதைக் கலைத்துவிட்டு அவளே அடுக்குவாள். கடுகு உமியைக் கூட்டினால், அவன் கூட்டிய இடத்தையே அவன் கண்ணெதிரில் மறுபடியும் கூட்டுவாள். கொஞ்ச நாளில் பிள்ளைகள் கேட்பதையே விட்டுவிட்டன. அம்மா வேலை செய்தாள். பிள்ளைகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்து இழுத்து விளையாடின.

பக்கத்து வளையில் கொடுக்கன் என்ற வயல் நண்டு இருந்தான். அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன தங்கச்சி, மூணு பிள்ளையைப் பெத்து வெச்சுக்கிட்டு ஒண்டியா மாரடிக்கிறே?"

"அதுங்களுக்கு என்னண்ணே தெரியும்? நான் செஞ்சாதான் எனக்குத் திருப்தி."

"உனக்குத் திருப்தி சரி. அதுங்க எப்போ கத்துக்கிறது?"

"வளர்ந்தா தானா வந்துடும்ண்ணே."

தானாக வருமாம்! பல் வேண்டுமானால் தானாக வரும். வேலை வருமா?

ஒரு நாள் விடிகிற நேரத்தில், கதிர் இழுத்து வந்த நெல்லாயியின் வலது கையில் வேலமுள் ஏறிவிட்டது. பல்லால் கடித்து முள்ளைப் பிடுங்கி எறிந்தாள். ஆனாலும் வீடு வந்து சேர்வதற்குள் கை வீங்கிப்போயிற்று. இடது கையால் சேற்றை அள்ளி வாசலில் வைத்தாள். அது சரிந்து விழுந்தது. மறுபடி வைத்தாள். அதுவும் சரிந்தது.

அப்போது வெளியே கொடுக்கனின் குரல் கேட்டது.

"தங்கச்சி, இன்னுமா கதவடைக்கலே? மதகு மேல சாரைப்பாம்பு வந்து படுத்திருக்கான். நேத்தே உன் கதவை உத்து உத்துப் பார்த்தான். வயிறு நிறைஞ்சிருந்ததால போயிட்டான். இன்னிக்குப் பட்டினி போலிருக்கு. வெயில்ல உடம்பு சூடேறினதும் நேரா இங்கதான் வருவான்."

நெல்லாயி பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகளோடு வெளியே ஓடலாமென்றால் பொழுது விடிந்துவிட்டது. மேலே பருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் வாசலை அடைத்தால் நாலு உயிரும் பிழைக்கும். இல்லாவிட்டால் இல்லை.

"நொய்யா, தவிடி, கடுகு, வாங்க. வாசலை நீங்கதான் அடைக்கணும்."

மூன்றும் திருதிருவென்று விழித்தன.

"எப்படிம்மா அடைக்கிறது?" என்றான் நொய்யன்.

"தினமும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

"எங்கேம்மா பார்த்தோம்? ஓரமா உட்காருன்னு சொல்லுவே. ஓரத்துல உட்கார்ந்தா உன் முதுகுதான் தெரியும்."

நெல்லாயிக்குப் பிள்ளை மேல் கோபம் வரவில்லை. தன் மேல்தான் வந்தது. அதற்கும் இப்போது நேரமில்லை.

"சரி. நான் சொல்லச் சொல்லச் செய்யுங்க."

நொய்யன் வளையின் அடிப்பக்கம் ஓடிப் போய்ச் சேறு அள்ளி வந்தான். வாசலில் வைத்தான். கூழ் மாதிரி வழிந்து அவன் காலிலேயே விழுந்தது. நெல்லாயி பழக்கதோஷத்தில் அவனைத் தள்ளிவிட்டு எழப் பார்த்தாள். வீங்கிய கை தரையில் பட்டதும் உயிர் போகிற வலி. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அதுல தண்ணி ஜாஸ்திடா. கொஞ்சம் மேலாப்புல இருக்கிற மண்ணை எடு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

இந்த அவசரத்தில் கடுகு சேற்றுக் காலோடு, நெல்லாயி உமியைக் கூட்டிக் குவித்து வைக்கும் அறைக்குள் ஓடி, அங்கே வழுக்கி விழுந்து, உடம்பெல்லாம் உமியும் சேறுமாக வந்து நின்றான். "வீட்டை நாசம் பண்ணிட்டியே!" என்று நெல்லாயியின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவன் தன் மேலிருந்த சேற்றை வழித்து வாசலில் அப்பிவிட்டான்.

அது விழவில்லை.

தவிடிதான் அதைக் கவனித்தாள். "அம்மா, உமி கலந்த சேறு நிக்குதும்மா!"

நெல்லாயி ஒருநாளும் சேற்றில் உமி கலந்ததில்லை. கலந்தால் கதவு சொரசொரவென்று ஆகிவிடுமே! இப்போது அவளே சொன்னாள்: "அப்படியா? அப்போ எல்லா உமியையும் வாரிட்டு வாங்க."

பிறகு கேட்க வேண்டுமா! ஒருவன் மண் கொண்டுவந்தான். ஒருவன் உமி வாரினான். தவிடி குழைத்து அப்பினாள். அப்பியதன் மேல் மூன்றும் சேர்ந்து காலால் உதைத்து உதைத்து இறுக்கின. பாதி வேலை, பாதி விளையாட்டு. நெல்லாயி நாக்கைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். வெளிச்சம் குறைந்து குறைந்து வளைக்குள் இருட்டாகிவிட்டது. வாசல் அடைபட்டது.

நெல்லாயி கதவைத் தடவிப் பார்த்தாள். மேடு, பள்ளம், துருத்திக்கொண்டு நிற்கும் உமி. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"கொஞ்சம் தள்ளுங்க. ஒரு சின்ன ஓட்டை போட்டு, வெளிப்பக்கம் மட்டும் ஒரு தடவு தடவிட்டு மூடிடறேன்" என்று இடது கையைத் தூக்கினாள்.

அடிப் பாவி! பாம்பு வருகிற நேரத்தில் மெழுக வேண்டுமாம்.

தவிடி கதவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் வந்து நின்றாள். "வேண்டாம்மா. நல்லாத்தான் அடைச்சிருக்கோம். நீ உட்காரு."

நெல்லாயி தூக்கிய கையை இறக்கவில்லை. அதற்குள் வெளியே சரசரவென்று சத்தம் கேட்டது. சாரை வந்துவிட்டான்.

"ஏய் நண்டு, இங்கே வழவழன்னு வட்டமா ஒரு கதவு இருந்துச்சே. அதைத்தானே அடையாளம் வெச்சுட்டுப் போனேன். எங்கே காணோம்?"

"கதவா? எனக்கென்ன தெரியும்? மாடு மிதிச்ச மண்ணு தவிர இங்கே ஒண்ணும் இல்லையே" என்றான் கொடுக்கன், பாதி உடம்பை வளைக்குள் வைத்துக்கொண்டு.

சாரைக்குச் சந்தேகம். மூக்கால் ஒரு முட்டு முட்டினான். உள்ளே பொலபொலவென்று மண் உதிர்ந்தது. மூன்று பிள்ளைகளும் கதவில் முதுகைக் கொடுத்து நின்றன. நெல்லாயியும் போய்த் தோளைக் கொடுத்தாள். சாரை இன்னும் பலமாக முட்டினான். கதவு அசையவில்லை. உமிதான் அவன் மூக்கில் குத்தியது.

"தூ! வெறும் மண்ணாங்கட்டி. எலி வீட்டு வாசல் இப்படியா இருக்கும்?" என்று சலித்துக்கொண்டு போய்விட்டான்.

சரசர சத்தம் தூரத்தில் தேய்ந்த பிறகுதான் நெல்லாயிக்கு மூச்சு வந்தது. 'நான் மெழுகி மெழுகி வெச்ச கதவுதான் அவனுக்கு வழி காட்டியிருக்கு' என்று நினைத்தாள். பிள்ளைகளை ஒவ்வொன்றாக இழுத்து அணைத்துக்கொண்டாள். சேறும் உமியும் அவள் மேலெல்லாம் ஒட்டிக்கொண்டன. அதை அவள் தட்டிவிடவே இல்லை.

கொஞ்ச நாளில் கை ஆறியது. ஆனால் கதவு வேலை பிள்ளைகளுக்கே என்று ஆகிவிட்டது. நொய்யன் அடுக்கிய கதிர் சரிந்தால், அவனே திரும்ப அடுக்கும்வரை நெல்லாயி காத்திருந்தாள். பல நேரம் கை துறுதுறுத்தது. அப்போதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டாள்.

ஒருநாள் எதிர் வரப்பு எலிகள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தன. "இதென்ன நெல்லாயி, உன் வீட்டிலா இந்தக் கோணல் கதவு? யார் பூசினது?"

"நாங்கதான்!" என்று மூன்று பிள்ளைகளும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தன.

"சாரையைத் திருப்பி அனுப்பின கதவு. என் பிள்ளைங்க பூசினது" என்றாள் நெல்லாயி, வரப்பு முழுக்கக் கேட்கும்படி.

பிள்ளைகள் செய்யும் வேலை முதலில் கோணலாகத்தான் இருக்கும். தட்டிப் பறிக்காமல் செய்யவிட்டால் அவர்கள் கையும் பழகும், ஆபத்து வேளையில் அந்தக் கையே வீட்டையும் காக்கும்.