பூனை நடை

பூனையும் நாயும் கழுதையும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், இத்தாலி நாட்டில் தவழும் குழந்தை ஒன்றுகூடக் கிடையாது. பிறந்த பிள்ளையைக் கழுத்திலிருந்து கால்வரை நீளத் துணியால் இறுக்கிச் சுற்றிவிடுவார்கள். சுற்றாவிட்டால் கால் கோணிப்போகும் என்று பயம். கட்டை அவிழ்க்கும் நாளில் பிள்ளை நேரே எழுந்து நிற்க வேண்டியதுதான்.

ரொட்டி சுடும் அசுந்தாவின் பூனை மினாவுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு. "புள்ளை பெத்தியா, ரொட்டி உருட்டினியா?" என்று கேட்டுவிட்டு, பறந்து வரும் துடைப்பத்துக்குத் தப்பி ஓடும்.

ஒருநாள் காலை அசுந்தா தண்ணீருக்குப் போயிருந்தாள். அடுப்பிலிருந்து தெறித்த தணல் விறகில் விழுந்து பற்றிக்கொண்டது. நாலடி தள்ளி, தரையில் வைக்கோல் பாயில் கிடந்தான் அவள் மகன் பெப்பினோ. மினா அடித்தொண்டையில் கத்திப் பார்த்தது. சந்தை இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. பிள்ளையைத் தூக்க அதற்கு ஏது கை?

துணியின் முனையைக் கவ்வி இழுத்தது. பெப்பினோ பம்பரமாய் உருண்டு விடுபட்டான். எழுந்து நிற்கப் பார்த்து, தொப்பென்று விழுந்தான். மறுபடியும் தொப்.

"நிக்காதடா! என்னைப் பாரு. கையை வை, முட்டியை வை. வாலு இல்லாட்டிப் பரவாயில்லை, வா."

வாலைப் பார்த்துக்கொண்டே அவன் பின்னால் வந்தான். வாசலைத் தாண்டவும் பாய் பற்றவும் சரியாக இருந்தது.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்த அசுந்தா மகனை வாரி எடுத்தாள். ஊரார் நெருப்பை அணைத்தார்கள். நிற்கவே தெரியாதவன் எப்படி வெளியே வந்தான் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"பூனை மாதிரி வந்தான்" என்றாள் அசுந்தா.

கூட்டத்தோடு வேடிக்கை பார்க்க வந்த தெரு நாய்க்குப் பொறுக்கவில்லை. நாலு காலில் தானும்தான் நடப்பதாகவும், நாய் மாதிரி என்று சொன்னால் வாய் சுளுக்கிவிடாது என்றும் முறையிட்டது. பக்கத்தில் நின்ற சந்தைக் கழுதையும் ராகம் இழுத்து அதையே சொன்னது.

மினா கருகிய மீசையை நக்கிக்கொண்டது. "புகை வந்தப்ப ரெண்டு பேரும் எங்கே போயிருந்தீங்க?"

கழுதைக்குத் திடீரென்று புல் ஞாபகம் வந்துவிட்டது.

பூனையை அங்கே 'கத்தோ' என்பார்கள். பிள்ளை கையும் முட்டியும் ஊன்றி வந்தால் 'கத்தோனி' வருகிறான் என்று இத்தாலிக்காரர்கள் சொல்வதும், பூனையைக் கண்ட இடத்தில் நாய் துரத்துவதும் அன்றைக்குத் தொடங்கியவைதான்.