இழையாயி நூலைச் சுருட்டிய நாள்

அந்தக் காலத்தில் மலைக்கு வாய் இருந்தது. மலையில் மேயும் மிளா என்கிற பெரிய மானுக்கும் வாய் இருந்தது. மிளாவின் தோலுக்குள்ளே ஓடுகிற ரத்தத்துக்கும், அந்த ரத்தம் உரசிக்கொண்டு போகிற கரைக்கும்கூட வாய் இருந்தது. கரை என்றால் மண்கரை இல்லை. ரத்தக் குழாயின் உட்புறம் முழுக்க, பாய் விரித்த மாதிரி ஒருத்தியோடு ஒருத்தி தோள் ஒட்டிக் கிடந்தார்களே கரைக்காரிகள், அவர்கள்தான் கரை. ரத்த ஆறு எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும்படி பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை.

மிளாவின் தலைக்குள், கண்ணுக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து. செவ்வணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அதில் நுழைய முடியும். அந்தச் சந்தில் இருந்தவள் இழையாயி. கரைக்காரிகள் எல்லோருக்கும் நூல் நூற்கத் தெரியும். ஆனால் இழையாயி நூற்றால் நூல் முடியவே முடியாது, அவ்வளவு நீளம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

ஒருநாள் இளம் மூங்கில் தின்னப் போன மிளாவுக்குக் கண்ணோரத்தில் சிராய் குத்திவிட்டது. சந்து கிழிந்து ஆறு வெளியே கொட்டியது. இழையாயி சட்டென்று நூலை வீசினாள். ஆற்றோடு சுற்றித் திரிகிற தட்டணுப் பயல்கள் அந்த நூலில் தாவித் தொற்றினார்கள். அவர்களுக்குத் தலைவன் பிசினன்.

"பிடிங்கலே! ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறிப் பிடிங்கலே! ஓட்டை தெரியப்படாது!"

ஓட்டை அடைந்தது. ரத்தம் நின்றது. உடம்பெங்கும் இழையாயி பேச்சுத்தான். அந்த ஆரவாரத்துக்கு நடுவே, கையில் குட்டிக் கத்தரியோடு ஒருவன் மிதந்து வந்தான்.

"அக்கா, மிச்ச நூல் ஆத்துல தொங்குதே. நறுக்கி விடட்டுமா?"

"யாருலே நீ?"

"ஈரல்ல பிறந்தவன். நறுக்கன்னு பேரு."

"நான் பாடுபட்டு நூற்பேன், நீ வந்து நறுக்குவியோ? நல்லாயிருக்குலே நியாயம்! போ, போய்ப் பிழைக்கிற வழியைப் பாரு."

நறுக்கன் கத்தரியை மடக்கிக்கொண்டான். ஆறு இழுத்த பக்கம் போய்விட்டான்.

அன்றைக்கே இழையாயி எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு யோசனை சொன்னாள். "காயம் பட்ட பிறகு நூலைத் தேடி எடுத்து வீசுறதுக்குள்ள எவ்வளவு ரத்தம் வீணாப் போகுது! இனிமே எல்லாரும் நூலை எப்பவும் ஆத்துலயே தொங்க விட்டுருவோம். காயம் வந்தாலும் வராட்டாலும் நாம தயாரா இருக்கலாம்."

நெஞ்சுக்குப் பக்கத்துப் பெரிய குழாயில் இருந்த மூத்தவள் பெருவழியாள்கூட, "பிள்ளை சரியாத்தான் சொல்லுது" என்றாள். கால் குளம்பிலிருந்து காது நுனிவரை, இருந்த அத்தனை கரைக்காரிகளும் நூலை இறக்கிவிட்டார்கள்.

இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் பிசினன் கூட்டம் சந்துக்குள் நுழைந்தது, நூலில் மாட்டிக்கொண்டது.

"என்னக்கா, நூல் தொங்குது? காயம் எங்க?"

"காயம் இல்லைலே. சும்மாதான்."

"சும்மாவா? எங்களுக்கு ஒருதரம் பிடிச்சா விடத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதாக்கா?"

பின்னால் வந்தவன் முன்னால் இருந்தவனைப் பிடித்தான். அவனை இன்னொருவன் பிடித்தான். சந்தில் கட்டி திரண்டது. எப்படியாவது நுழைந்து போகப் பார்த்த செவ்வணுக்கள் நூலில் சிக்கிக் கிழிந்தன. ஒரு சந்தில் மட்டுமா? உடம்பில் இருந்த குறுகிய சந்துகள் எல்லாவற்றிலும் இதே கதி. மிளாவின் அடிவயிற்றில் நாவல்பழச் சாறு தெளித்த மாதிரி ஊதாப் புள்ளிகள் தோன்றின.

இதில் பெரிய கூத்து இனிமேல்தான். மிளாவின் பின்னங்காலில் முள் கீறியது. சின்னக் கீறல். ஆனால் போய் அடைக்கத் தட்டணு ஒன்றுகூட மிச்சமில்லை. அத்தனையும் காயமில்லாத இடங்களில் கட்டியாகக் கிடந்தன. உள்ளே ரத்தம் ஓட வழியில்லை, வெளியே ரத்தம் நிற்க வழியில்லை!

புல்லில் சொட்டிய ரத்தத்தை மோந்துகொண்டு செந்நாய்கள் மலையேறி வந்தன.

"உள்ள இருக்கிறவங்களே," என்று மிளா கூப்பிட்டது. "எனக்குக் கண் இருட்டிக்கிட்டு வருது. முன்னால இருக்கிறது பாறையா பள்ளமான்னு தெரியலை. நான் படுத்துக்கிடுறேன்."

படுத்தால் அவ்வளவுதான். மிளா போனால் ஆறும் இல்லை, கரையும் இல்லை.

பெருவழியாளிடமிருந்து ஆற்றோடு சேதி வந்தது. "ஏட்டி இழையாயி! உன் பேச்சைக் கேட்டுத்தானட்டி எல்லாரும் நூலை விட்டோம். இப்ப என்ன சொல்லப் போற?"

இழையாயி தன் சந்தில் கிடந்த கட்டியைப் பார்த்தாள். நூல் முழுக்க அவளுடையது. அவ்வளவு நீளமும் அவள் கையால் நூற்றது.

அந்த ஆறு சுற்றிச் சுற்றி வருகிற ஆறு. போனவர்கள் எல்லோரும் என்றைக்காவது திரும்பி வந்துதான் ஆகவேண்டும். கட்டியின் ஓரத்தில் கசிந்த கொஞ்ச ஓட்டத்தில் நறுக்கன் வந்து நின்றான்.

"தம்பி, அன்னைக்கு நான் சொன்னதை மனசுல வச்சுக்கிடாத. என் நூலை அறுத்து விடு" என்றாள் இழையாயி.

நறுக்கன் நூலைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "அறுக்கிற கணு உள்ள மடிஞ்சு கிடக்கக்கா. நூல் விறைச்சு நீண்டாத்தான் கணு வெளிய தெரியும். அதுக்கு ஆறு வேகமா இழுக்கணும்."

"ஆறு வேகமா இழுக்கணும்னா மிளா ஓடணுமே!"

பக்கத்துக் கரைக்காரிகள் பதறிவிட்டார்கள். "ஓடுனா கட்டி பிய்ச்சுக்கிட்டுப் போய் மூளைக்குள்ள அடைச்சிரும்! வேண்டாம்!"

"பிய்ச்சுக்கிட்டுப் போகாது. ஒரு நுனி என்கிட்டதான் இருக்கு. நான் விடமாட்டேன்" என்றாள் இழையாயி. பிறகு நெஞ்சு கிழியக் கத்தினாள். "ஓடு தாயே! கண்ணு தெரியலைன்னா என்ன, கால் இருக்குல்ல! ஓடு!"

மிளா ஓடியது. நெஞ்சு முரசு மாதிரி அடித்தது. ஆறு பொங்கிச் சந்துக்குள் மோதியது. நூல் கிணற்று வடம் மாதிரி விறைத்தது. அந்த இழுப்பில் இழையாயியின் உடம்பு பாதி பெயர்ந்துவிட்டது. பிடியை அவள் விடவில்லை.

"கணு தெரியுதாலே?"

"தெரியுதக்கா! ஆனா இவ்வளவு நீள நூலு..."

"நீளத்தைக் கொண்டு போய் அடுப்புல போடு! அறுலே!"

கத்தரி ஒரு கடி கடித்தது. நூல் துண்டானது. விறைத்து நின்ற அடுத்த கணுவில் இன்னொரு கடி. கட்டி உதிர்ந்தது. பிடியிழந்த தட்டணுப் பயல்கள் பொலபொலவென்று ஆற்றோடு போனார்கள். "விட்டுது! விட்டுது!" என்று பிசினன் குதித்த குதி முதுகெலும்புவரை கேட்டதாம். சந்து சந்தாக இதே வேலை. நறுக்கன் போகிற இடமெல்லாம் கரைக்காரிகள் நூல் நுனியை இறுக்கிப் பிடித்துக் கொடுத்தார்கள்.

செவ்வணுக்கள் சந்துக்குள் பாய்ந்தன. மிளாவுக்குக் கண் பளிச்சென்று திறந்தது. பார்த்தால், நாலே எட்டில் பள்ளம்! பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பச்சைப் புல்மேடு. ஒரே தாவல். செந்நாய்கள் இந்தப் பக்கத்து விளிம்பில் நின்று ஒன்றையொன்று திட்டிக்கொண்டன.

பிசினன் கூட்டம் பின்னங்காலுக்கு ஓடியது. அங்கே இருந்த கரைக்காரிகள் கீறல்மேல் அளவாக நூல் வீச, பயல்கள் பிடிக்க, ரத்தம் நின்றது. மிச்சத்தை நறுக்கன் நறுக்கினான். மிளா தலையை உயர்த்தி ஒரு முழக்கம் போட்டது. மலை அதைத் திருப்பிச் சொன்னது.

மீதமிருந்த நூலை இழையாயி சுருள் சுருளாகச் சுற்றித் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டாள். "கிழிஞ்சாத்தான் எடுப்பேன். எடுத்தா நீ பக்கத்துல இருக்கணும், தம்பி" என்றாள்.

"சுத்தி வந்துக்கிட்டே இருப்பேன்க்கா" என்றான் நறுக்கன்.

எங்கேயாவது அபூர்வமாக, ஏதோ ஓர் உடம்பில் நறுக்கன் பிறக்காமல் போவதுண்டு. பிறந்தவனை உடம்பின் காவல்காரர்களே எதிரி என்று நினைத்து மடக்கிப் பிடித்து வைப்பதும் உண்டு. அங்கெல்லாம் காயமில்லாமலே ரத்தம் கட்டுகிறது, தோலில் ஊதாப் புள்ளி பூக்கிறது. வைத்தியர்கள் இன்னொருவர் ரத்தத்தின் தெளிநீரான பிளாஸ்மாவில் நறுக்கனை ஏற்றி அனுப்பி வைக்கிறார்கள். அவன் போனதும் கரைக்காரிகள் அடையாளம் கண்டு நூலை நீட்டிக் கொடுக்கிறார்கள்.

மற்றபடி நம் எல்லோருக்கும், முழங்காலில் பட்ட சிராய்ப்பில் ரத்தம் நாம் ஊதி முடிப்பதற்குள் உறைந்து போவதும், உள்ளே ரத்தம் ஓரிடத்திலும் உறையாமல் ஓடிக்கொண்டே இருப்பதும், அந்த மிளா கண் தெரியாமல் ஓடிய அன்று முதல்தான்.