பாறைமேல் நின்ற நீர்நாய்

மறுபடியும் வரிசையின் நடுவில் ஓட்டை விழுந்தது. மீன் கூட்டம் மொத்தமும் அதன் வழியாக ஆழத்துக்குப் போய்விட்டது. மூன்றாவது நாளாக நீர்நாய்கள் வெறும் வாயோடு கரையேறின. வளையில் குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. அவை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

அந்த ஆற்று நீர்நாய்கள் தனித்தனியாக மீன் பிடிப்பதில்லை. ஒன்பது பேரும் பிறை மாதிரி வளைந்து நின்று, மீனைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வருவார்கள். நடு இடம் தலைவனுக்கு. அங்கேதான் ஆழம் அதிகம், இழுப்பும் அதிகம். அவன் தலையைப் பார்த்துத்தான் இரண்டு பக்கமும் வரிசை பிடிக்கும்.

புதுத் தலைவன் நெடுமூக்கன் அங்கே ஒரே ஒரு நாள் நின்றான். இழுப்பு அவனைப் புரட்டிப் போட்டது. மறுநாள் பாறைமேல் ஏறிவிட்டான். மேலே இருந்தால்தான் எல்லாரையும் கவனிக்க முடியும் என்றான். நடுவில் சின்னக்காதனை நிறுத்தினான். சின்னக்காதன் எடை குறைந்தவன், அந்த இழுப்பில் நிலைத்து நிற்க முடியாதவன். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன்.

பாறையிலிருந்து பேச்சு மட்டும் குறையவில்லை. உங்களால் முடியும், மனசு வையுங்கள், நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று தினமும் சொன்னான். கீழே இருந்தவர்களுக்குத் தண்ணீர் இரைச்சலில் பாதி கேட்கவே இல்லை.

நான்காம் நாள் காலை வெள்ளம் ஏறியது. இழுப்பு சின்னக்காதனைத் தூக்கிக்கொண்டு போனது. வரிசையை விட்டுவிட்டு எல்லாரும் பின்னால் நீந்தினார்கள். ஒரு மருத மர வேரில் சிக்கிக் கிடந்தான். உயிர் இருந்தது. முன்கால் ஒடிந்திருந்தது.

தூக்கிக்கொண்டு வந்தபோது, நெடுமூக்கன் பாறையில் இருந்தபடியே சொன்னான்: “கவனமா நில்லுன்னு அப்பவே சொன்னேன்ல?”

மற்றவர்கள் சின்னக்காதனைக் கரையில் கிடத்தினார்கள். வெள்ளைக்கழுத்தி மட்டும் பாறைமேல் ஏறினாள். பசியில் கத்தியவற்றில் மூன்று அவள் குட்டிகள்.

“உன் பேச்சு எங்களுக்கு வேண்டாம்யா. தண்ணியில உன் தலை தெரியணும், அவ்வளவுதான்” என்றாள்.

“நானும் இறங்கிட்டா யார் பாக்குறது?”

“பாத்து என்ன செஞ்ச?”

அவன் தண்ணீரைப் பார்த்தான். அவளுக்குப் புரிந்தது. குரலைத் தணித்துக்கொண்டாள்.

“பயமா இருந்தா பயம்னு சொல்லு. யாரும் சிரிக்க மாட்டோம். எங்களுக்கும் பயந்தான். பக்கத்துல நான் நிக்கிறேன். இறங்கு.”

அவன் வாலைச் சுருட்டிக்கொண்டு, வெள்ளம் வடியட்டும், யோசிக்கலாம் என்றான்.

குட்டிகளுக்கு யோசிக்க நேரமில்லை. வெள்ளைக்கழுத்தி தானே நடு இடத்துக்குப் போனாள். இரண்டு தடவை தண்ணீர் அவளை அமுக்கியது. இரண்டு தடவையும் தலை மேலே வந்தது. அதைப் பார்த்து மற்ற ஆறு பேரும் நெருங்கி நின்றார்கள். பிறை உடையவில்லை. அன்று குட்டிகள் சாப்பிட்டன. சின்னக்காதனுக்கும் ஒரு கெண்டையை வாயருகே கொண்டுபோய் வைத்தார்கள்.

நெடுமூக்கனுக்கும் பங்கு போனது. கொண்டுபோனவள் வெள்ளைக்கழுத்திதான். நாளைக்காவது வா, இடம் இருக்கிறது என்று அவள் சொன்னாள். அவன் மீனைத் தின்றான். மறுநாளும் பாறையிலிருந்து பேசினான். ஒருத்தரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

கூட நின்று நனைகிறவனுக்குப் பின்னால்தான் கூட்டம் வரும். நெடுமூக்கனை இறங்கத்தான் சொன்னார்கள், அவன் இறங்கவில்லை.