மலாவிக்காரனும் தாசில்தார் கையெழுத்தும்

நம்ம யுனிவர்சிட்டிக்கு மலாவி நாட்டுல இருந்து படிக்க வந்தவன் சிகோண்டி. மூணு வருசத்துல தமிழும் நல்லாப் பேசக் கத்துக்கிட்டான். ஊர்ல அவங்கப்பாவுக்கு வேலை போயிருச்சு. வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்குக் குடுக்கிற உதவித்தொகை கிடைச்சாத்தான் இவன் பரீட்சையே எழுத முடியும்.

அதுக்குக் கையெழுத்துப் போடுற சூப்பிரண்டு தெய்வசிகாமணி இருக்காரே, பேனா மூடியத் திறக்கவே மூணு தடவை கனைப்பாரு. "க்ஹும். தாசில்தார் குடுத்த வருமானச் சான்றிதழ் எங்கடே?"

"எங்க நாட்டுல தாசில்தாரே கிடையாது சார்."

"அது எனக்குத் தெரியாது. ரூல்ஸுன்னா ரூல்ஸ். தாசில்தார் கையெழுத்து இல்லாம இந்தப் பக்கம் வராத."

பய நேரா நம்மூர் தாலுகா ஆபீஸுக்குப் போனான். நாலாம் நாள் சான்றிதழோட வந்து நின்னான். சூப்பிரண்டு சத்தமா வாசிச்சாரு. "இவரது தந்தைக்கு இந்தத் தாலுகாவில் எந்த வருமானமும் இல்லை."

வாசிச்சிட்டு நிமிந்தாரு. "ஏன்டே, மலாவியில இருக்க மனுசனுக்கு இந்தத் தாலுகாவுல எப்படிடே வருமானம் இருக்கும்?"

"இந்தத் தாலுகாவுல இருக்க தாசில்தார் மலாவியில எப்படி சார் இருப்பாரு?"

சூப்பிரண்டு சான்றிதழை அவன் பக்கமே தள்ளி வச்சாரு. "சரிடே. உங்க ஊர்ல இதுக்கு யாரு கையெழுத்துப் போடுவாவளோ, அவுககிட்டயே வாங்கிட்டு வா."

சிகோண்டி பையில இருந்து அவங்க ஊர் ஆபீசர் கையெழுத்துப் போட்ட காகிதத்தையும் எடுத்து மேசையில வச்சான். அதுல போன மாசத் தேதி போட்டிருந்துச்சு.